ஒரு நிமிஷம் பின்னால் வரும் படம்

ஒவ்வொரு நேரலையையும் தொடங்குவதற்கு முன்னால், கேமராவுக்கு எதிரே போய் நின்று வலது கையைத் தூக்குவேன். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல் இருக்கும். அது வணக்கம் இல்லை. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனும் இணைப்பில் இருக்கும். கையைத் தூக்கியதும் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். அவள் பார்க்கிற படத்தில் என் கை உயர்ந்ததும் போனில் சொல்வாள்.

"கையத் தூக்கிட்ட."

நான் அனுப்பும் படம் எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க எங்களுக்கு இருந்த வழி இதுதான். அதற்கென்று கருவிகள் உண்டு, திரையில் ஓடவிடும் கடிகாரம் உண்டு. ஆனால் அம்மா வாயால் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. பிறகு "வருதா?" என்று கேட்பேன். படம் நன்றாக இருந்தால் "வருது" என்பாள். இல்லாவிட்டால் "சுத்துது" என்பாள். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே பல வருஷம் தொழில் பண்ணினோம்.

காரைக்காலில் நடக்கிற கல்யாணம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, பாதர் வந்து செய்யும் வீடு மந்திரிப்பு, சாவு எதுவானாலும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் பார்க்கும்படி அனுப்புவது என் வேலை. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். மீதி வீடுகளுக்கு சிங்கப்பூர், துபாய். மண்டபத்தூரில் கடலை ஒட்டி நடக்கிற கல்யாணத்துக்குப் போனால்கூட, வளைகுடாவில் மீன்பிடிக்கப் போயிருக்கும் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். ஊரில் எனக்குப் பெயர் லைவ் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

நூறு பேருக்குக் காட்டுகிறவளை ஒருவரும் பார்ப்பதில்லை. குறையாகத்தான் சொல்கிறேன். கூட்டத்துக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும். கீழே அவர்கள் எழுதுவது ஓடும். பெண்ணின் புடவையைக் கிட்டத்தில் காட்டு, மாமாவைக் காட்டு, மாமா பக்கத்தில் இருப்பவர் யார். மண்டபத்துத் தூண் மறைக்கிறது, கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று பாரீசிலிருந்து கேட்ட ஒருவரும் உண்டு. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று எவரும் எழுதியதில்லை. நான் இலைக்குப் போகும்போது பெரும்பாலும் ரசமும் அப்பளமும்தான் மிச்சம் இருக்கும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. எத்தனையோ பேருடைய கல்யாணத்தை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

காதில் அம்மா இருப்பாள், அது ஒன்றுதான் துணை. சோதனை முடிந்த பிறகும் போனை வைக்க மாட்டாள். "அந்த மஞ்சப் புடவ யாரு, நம்ம கருக்களாச்சேரி ஆளுவ மாதிரி இருக்கு" என்பாள். "மாப்பிள்ளை ஏன் இப்புடி முழிக்கிறான்" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். அவளுடைய பேச்சு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், அவள் பார்க்கிற படமே பிந்தித்தானே போகிறது. இங்கே மாலை மாற்ற ஆரம்பித்த பிறகு, தாலி முடிச்சு சரியாக விழவில்லை என்று அங்கே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவளுக்கு இதை விளக்க வேண்டி வந்தது. அத்தனை பேர் வீட்டுக்கும் நீயே அனுப்புகிறாயா என்று கேட்டாள். இல்லை, நான் அனுப்புவது ஒன்றே ஒன்றுதான் என்றேன். நம் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர்தான் போகிறது. அதை அங்கங்கே இருக்கிற பெரிய தொட்டிகளில் ஊற்றி வைத்துக்கொள்வார்கள். பாரீசில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் ஊர்ப் பக்கத்துத் தொட்டியிலிருந்து போகும். குழாய் பெரிதாக இருக்கிற வீட்டுக்குத் தெளிவான படம், சின்னதாக இருக்கிற வீட்டுக்குக் கொஞ்சம் மங்கல். ஆயிரம் பேர் பார்த்தாலும் நான் தூக்குவது ஒரு குடம்தான்.

"ஒரு கொடத்துக்கா இப்புடி எளச்சுப் போற?" என்றாள்.

அந்த ஒரு குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. மூன்று வேறு வேறு கம்பெனி சிம் போட்ட மோடம் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டத்தில் அந்தப் பக்கத்து டவர்கள் எல்லாம் திணறும். அத்தனை பேர் கையிலும் போன், அத்தனை பேரும் செல்பி அனுப்புகிறார்கள். தருமபுரம் திருநள்ளாற்றுச் சாலையில்தான் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை வேலை என்றாலே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சோதித்துக்கொள்வேன்.

சிந்தாமல் இருக்க ஒரே வழி, படத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து அனுப்புவது. நடுவில் சிக்னல் போனாலும் தேக்கி வைத்தது ஓடிக்கொண்டிருக்கும், பார்க்கிறவருக்குத் தெரியாது. எவ்வளவு தேக்குகிறோமோ அவ்வளவு தாமதம். கல்யாணத்துக்கு இதைக் குறைவாகத்தான் வைப்பேன். அண்ணனுக்கு இந்தத் தாமதத்தைக் கண்டாலே ஆகாது. அண்ணன் பாரீசில் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இருபது சொச்சம் வயதில் போனவர். சித்தி மகன் கல்யாணத்தன்று போன் பண்ணிக் கத்தினார். "தாலி கட்டியாச்சுன்னு எல்லாருக்கும் மெசேஜ் வந்துட்டு. ஒன் படத்துல இன்னும் மாப்பிள்ளை மூக்கச் சொறிஞ்சுகிட்டு நிக்கிறாரு. நீ அனுப்புறது எல்லாம் பழசாத்தான் வருது."

சாவுக்கு நான் தாமதத்தைக் கூட்டித்தான் வைப்பேன். சாவு வீட்டில் எவருக்கும் அவசரம் இல்லை. ஆனால் முகம் தெரிகிற நேரத்தில் படம் நின்றுபோனால், அதைப் பார்க்கிறவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. சாவுதான் அனுப்புவதற்கு எளிது. கல்யாணத்தில் சரிகை மின்னும், விளக்கு மாறும், பூ தூவுவார்கள், ஒவ்வொன்றையும் புதிதாக அனுப்ப வேண்டும். இறந்தவர்கள் அசைவதில்லை. முகம் அப்படியேதான் இருக்கிறது, முன்பு அனுப்பியதையே வைத்துக்கொள் என்று இயந்திரம் சொல்லிவிடும். மின்விசிறிக் காற்றில் ஆடும் மாலை இதழ் மட்டும்தான் புதிதாகப் போகும். நான் இதைத் தொழில் ரகசியம்போல் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

என் சாவு வீட்டு நேரலைகளை எல்லாம் அம்மா விடாமல் பார்த்தாள். வெளிநாட்டுப் பிள்ளை வரட்டும் என்று நாள் கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்த எத்தனையோ பேரைப் பார்த்தாள். ஒருநாள் போனிலேயே சொன்னாள். "என்னைய இப்புடிப் போட்டு வைக்காத. ஒரு ராத்திரிக்கு மேல வேணாம், எனக்குக் குளிரு ஆகாது. அண்ணனுக்கு நீ காட்டு. அவன் மொகத்தப் பாத்தாப் போதும்."

"இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று எரிந்து விழுந்தேன். நான் அப்போது மேலவீதிப் பக்கம் ஒரு சாவு வீட்டில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை போனாள். காலையில் காபி கேட்டாள், கொண்டுவந்தபோது இல்லை. அண்ணன் இதய ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார், விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காத்திருப்பதில் அர்த்தம் இல்லை, காத்திருக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. போனில் அழுதுவிட்டு ஒன்று மட்டும் கேட்டார். "மூடுறதுக்கு முன்னாடி எனக்கு மொகம் தெளிவாத் தெரியணும். அத மட்டும் பண்ணிக் குடு."

மறுநாள் சனிக்கிழமை.

எங்கள் வீட்டில் நல்ல கேபிள் இணைப்பு உண்டு. சிம் வேண்டாம், கேபிளிலேயே அனுப்பிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். விடிந்ததும் பந்தல்காரர்கள் வந்தார்கள். வாசலில் கம்பம் நட்டு, தகரத்தைத் தூக்கும்போது, தெருவைக் கடந்து தொங்கிய கேபிளை இழுத்து அறுத்துவிட்டார்கள். அம்மாவுக்காகப் போட்ட பந்தல், அம்மாவைக் காட்ட வேண்டிய கேபிளை அறுத்துவிட்டது. நான் வெளியே வந்து அந்த மனிதரைக் கண்டபடி திட்டினேன். அதுவரை நான் அழவில்லை, சாவு வீட்டில் என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அவர் தகரத்தைக் கையில் பிடித்தபடியே, "தெரியாமப் போச்சுங்க, மேல பாக்கலிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சித்தி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவின் தங்கை அவள். "வேற ஆள வைப்போம்டி. நீ அக்கா பக்கத்துல ஒக்காரு" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை, சிம்மை நம்பி, இந்தத் தெருவிலிருந்து படம் அனுப்ப வேறு ஆளால் முடியாது என்றேன். அது உண்மைதான். பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது என்பதும் உண்மை.

தாமதத்தை ஒரு நிமிஷத்துக்கு வைத்தேன். அதுவரை எந்த வீட்டுக்கும் அவ்வளவு வைத்ததில்லை. கேமராவை அம்மாவின் கால்மாட்டில் நிறுத்தி, முகம் நடுவில் விழும்படி சரிசெய்தேன். பிறகு வழக்கம்போல் கேமராவுக்கு எதிரே போய், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, வலது கையைத் தூக்கினேன். மனதுக்குள் எண்ணவும் ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் உறைத்தது. டேப்லெட் அலமாரிக்கு மேல் கிடந்தது. நான் எதற்குக் கையைத் தூக்கினேன் என்று சுற்றி இருந்த பெண்கள் பார்த்தார்கள். கையை இறக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். கடிகாரத்தை வைத்துத் தாமதத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது. அண்ணன் வீட்டார், அண்ணியின் வீட்டார், அம்மாவிடம் சின்ன வயதில் படித்தவர்கள், யாரென்றே எனக்குத் தெரியாதவர்கள். ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக எழுதினார்கள். அண்ணன் டிவியில் பார்த்துக்கொண்டு போனிலும் இருந்தார். சித்தி அந்தப் போனை அம்மாவின் காதோரம் பிடித்திருந்தாள். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் இப்படித்தான், வர முடியாதவர்கள் காதில் பேசிவிட்டுப் போவார்கள். அண்ணன் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் ஹெட்போனில் படத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் வீட்டிலேயே பெட்டியை மூடிவிட்டுத்தான் கோவிலுக்கு எடுப்பார்கள். பாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவராக வந்து அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். சித்தி கொடுத்தாள், சித்தப்பா கொடுத்தார், எதிர்வீட்டு அம்மா கொடுத்தார். எல்லோரும் முடித்த பிறகு சித்தி கேமரா பக்கம் திரும்பினாள்.

"வாடி. வந்து அம்மாவுக்கு முத்தம் குடு."

நான் ஹெட்போனைக் கழற்றினேன். எழுந்துகூட விட்டேன். அப்போது மோடத்தில் ஒரு விளக்கு சிவப்பானது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் சிவப்பானது. மூன்றாவது ஒன்றுதான் பாக்கி. தேக்கி வைத்தது தீரும் வரைதான் அண்ணனுக்குப் படம் ஓடும், அதன்பின் நின்றுவிடும், அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். "இந்தா வர்றேன் சித்தி" என்றேன். குந்தி உட்கார்ந்து படத்தின் அளவை ஒரு படி குறைத்தேன். ஒரு சிம்மைப் பிடுங்கிப் போட்டேன். மோடத்தைத் தூக்கி ஜன்னல் கம்பியில் சாய்த்தேன். ஒரு விளக்கு பச்சையானது. இன்னொன்று விட்டு விட்டு எரிந்தது, பிறகு அதுவும் நின்று பச்சையாக எரிந்தது.

திரும்பினேன். மூடிவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. பாதர் அடுத்த பூசைக்குப் போக வேண்டும், கோவில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது, நான் எழுந்ததைப் பார்த்தவர்கள் நான் முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன் என்று நினைத்திருப்பார்கள். ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றேன். அத்தனை பேருக்குக் காட்டிவிட்டு நான் பார்க்காமல் விட்டேன். சத்தம் போட்டு, திறங்க என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல், கை பழக்கத்தில், படம் போகிறதா என்று சரிபார்க்கிற போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்குப் போகிற அதே படம்தான் அதிலும் வரும், அதே தாமதத்தில்.

அம்மா இருந்தாள். மூடாமல், மாலையோடு, முகம் தெளிவாக. எதிர்வீட்டு அம்மா முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். சித்தி நிமிர்ந்தாள். கேமரா பக்கம், அதாவது என்னைப் பார்த்துத் திரும்பினாள். சத்தம் இல்லாத போன் அது. ஆனால் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. வாடி. வந்து அம்மாவுக்கு முத்தம் குடு.

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டு முத்தம் கொடுத்தேன். அப்புறம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் அழுதேன்.

அறைக்குள் இருந்தவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். சித்தி கையில் இருந்த போனில் அண்ணனின் குரல் கேட்டது. "இன்னும் மூடலல்ல சித்தி? நல்லாத் தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு சொல்லுங்க." சித்தி வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கிக்கொண்டேன். சித்தி எல்லோருடனும் வெளியே போனாள்.

"பாருங்க அண்ணே," என்றேன். "பாத்துக்கிட்டே இருங்க."

அவர் அங்கே பார்த்தார், நான் இங்கே பார்த்தேன். அறையில் வேறு ஆள் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூடியைக் கொண்டுவந்தார்கள்.

"மூடிட்டாங்க," என்றார் அண்ணன்.

"ஆமா."

வீட்டுக்கு வந்த கூட்டத்தில் ஒருவரும் எங்களுக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கவில்லை.

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ எங்க? எல்லாரும் வந்து நின்னாங்க. ஒன்ன ஒரு தடவகூடப் படத்துல காணுமே" என்றார்.

"நான்தானே அண்ணே காட்டிக்கிட்டு இருக்கேன்."

"வா. நான் பாக்கணும்."

போனைக் காதில் வைத்தபடியே போய்க் கேமராவுக்கு எதிரே நின்றேன். அம்மா கிடந்த இடத்தில் இப்போது தரைதான் இருந்தது, நசுங்கிய சம்பங்கிப் பூவும் ஈரமும். வெளியே பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். கை தானாக உயர்ந்தது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கை வலித்தது, இறக்கவில்லை.

"ஆங், தெரியுற," என்றார். "கையத் தூக்கிட்ட."

"வருதா?"

"வருது."